பிராஸ் பாசாவா, தியோங் பாருவா, ஜூ சியாட்டா? கையில் ஒரே நாள் இருந்தால்

போன மாதம் அண்ணியும் அண்ணன் மகளும் கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தார்கள். மகள் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வந்து இறங்கிய அன்று ராத்திரியே, "அத்தை, மெரினா பே எல்லாம் அம்மாவுக்குக் காட்டுங்க, எனக்கு இங்கே இருக்கிற டிசைன் ஏரியாவை மட்டும் காட்டினால் போதும்" என்று சொல்லிவிட்டாள். அண்ணிக்கு முட்டிவலி, வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது, சுத்த சைவம் வேறு. எனக்கு விடுப்பு ஒரே நாள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எந்த வட்டாரத்துக்குப் போவது என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். இதே கேள்வியை ஊரிலிருந்து வருகிற பலரும் கேட்கிறார்கள் என்பதால், யோசித்ததையும் போய்ப் பார்த்ததையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

முதல் சிக்கல், சிங்கப்பூரில் "இதுதான் டிசைன் வட்டாரம்" என்று எல்லோரும் ஒரே இடத்தைக் கைகாட்டுவதில்லை. 2015இல் யுனெஸ்கோ இந்த ஊரை வடிவமைப்புக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வட்டாரமும் தன்னையே காட்டிக்கொள்கிறது. அழகான காப்பிக் கடைகள் பிடித்தவர்கள் தியோங் பாரு என்பார்கள், படம் எடுக்க வருகிறவர்கள் ஜூ சியாட் என்பார்கள், உயரமான கட்டடம் பிடித்தவர்கள் தஞ்சோங் பகார் பக்கம் டக்ஸ்டனைச் சொல்வார்கள். நான் சொல்வது பிராஸ் பாசாவில் தொடங்கி பூகிஸ் வழியாகக் கம்போங் கிளாமில் முடிகிற நீளமான துண்டு. காரணம் ரொம்ப எளிது. அங்கேதான் கதவுகள் திறந்திருக்கின்றன. மற்ற இடங்களில் பெரும்பாலும் அடுத்தவர் வீட்டு வாசலை வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறோம்.

இது எனக்குத் தியோங் பாருவில்தான் உறைத்தது. அந்த இடத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதனால் அதை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். அரசு வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) பிறக்கும் முன்பே, 1927இல் ஆங்கிலேயர் காலத்தில் ஏற்படுத்திய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை கட்டிய முதல் குடியிருப்புப் பேட்டை அது. முதல் புளோக் 1936இல் எழுந்தது, இரண்டாம் உலகப் போர் இங்கே வரும் முன்னால் 1941 வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். தியோங் என்றால் ஹொக்கியன் என்ற சீன மொழியில் கல்லறை, பாரு என்றால் மலாயில் புதியது. ஒரு காலத்தில் இடுகாடாக இருந்த நிலம். அதன்மேல், கப்பலையும் விமானத்தையும் பார்த்து மயங்கியிருந்த அந்தக் காலத்து ரசனைப்படி, வளைந்த மூலைகளும் நீளநீளமான கிடைக்கோடுகளும் வெள்ளைச் சுவருமாக வீடுகள் எழுந்தன. விமான வீடுகள் என்றே அப்போது அக்கம்பக்கத்துச் சீனர்கள் அழைத்திருக்கிறார்கள். 2003இல் போருக்கு முந்தைய 20 புளோக்குகளைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களாக அறிவித்தார்கள். பின்பக்கச் சந்துகளில் சுருள் படிக்கட்டுகள் இருக்கின்றன. காலை எட்டு மணி வெயிலில் அந்தப் படிக்கட்டின் நிழல் சுவரில் விழுவதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

சரி, அப்புறம்? அங்கேதான் பிரச்சினை. சில வருடங்களுக்கு முன் ஒரு தோழியை அங்கே கூட்டிப் போனேன். அவள் ஒரு மாடிப்படியில் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டாள். பாதி ஏறியபோது மேலே ஒரு வீட்டுக் கதவு திறந்தது, ஒரு பாட்டி துணி காயப்போட வாளியோடு வெளியே வந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை, எங்களைப் பார்த்துத் தலையைக்கூட அசைத்தார். ஆனாலும் நாங்கள் இருவரும் சட்டென்று இறங்கிவிட்டோம். யாரோ ஒருவரின் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்துவிட்ட கூச்சம். தியோங் பாருவில் சிறந்தது எல்லாம் வீடுகளுக்குள் இருக்கிறது. ஜன்னலை எப்படி வைத்தார்கள், காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் உள்ளே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். போர்க்காலத்தில் பொதுமக்களுக்காக வைத்த குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை ஒன்று 78ஆம் புளோக்குக்குக் கீழே இன்னும் இருக்கிறது, அதுவும் ஏற்பாடு செய்த சுற்றுலாக்களின்போது மட்டும்தான் திறக்கும். வெளியே இருப்பவர்களுக்கு மிஞ்சுவது வளைந்த சுவர்கள், உள்ளூர் ஓவியர் யிப் யூ சோங் வரைந்த மூன்று சுவரோவியங்கள், அப்புறம் காப்பிக் கடைகள். ஒன்றரை மணி நேரத்துக்கு அது அருமையான இடம். ஒரு முழு நாளுக்கு இழுத்தால் காப்பி குடித்தே பொழுது போகும். அங்கே சந்தையின் மாடியிலிருக்கும் உணவங்காடி நிலையம் பெயர் பெற்றது, ஆனால் அண்ணி மாதிரி சுத்த சைவக்காரர்களை அங்கே வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு அலைய எனக்குத் தைரியம் இல்லை.

ஜூ சியாட், கத்தோங் பக்கம் வேறு மாதிரி. 2011இல் சிங்கப்பூரின் முதல் மரபுடைமை நகர் என்று அறிவித்த இடம். கூன் செங் ரோட்டில் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள் நிற்கின்றன. வெளிர்பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று வீட்டுக்கு ஒரு நிறம். சுவரில் பூ வேலைப்பாடு செய்த டைல்ஸ், வாசலில் இடுப்புயர அரைக்கதவு, மேலே சுதையில் செய்த பூவும் பறவையும். சீனமும் மலாயும் கலந்த மரபுள்ள பெரனாக்கான் குடும்பங்களின் ரசனை. காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளைப் பார்த்தவர்கள் அந்த டைல்ஸ் முன்னால் சற்று நேரம் நிற்பார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டு இடத்துக்கும் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பல் ஏறி வந்த ஓடுகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கடல் வணிகத்தில் பணம் பார்த்தவர்கள் வீட்டுச் சுவரில் அதைக் காட்டிய விதம் இங்கேயும் அங்கேயும் ஒன்றுபோல இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. சிலோன் ரோட்டில் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் கட்டி வளர்த்த கோயில், செண்பக மரத்தடியில் தொடங்கியதால் அந்தப் பெயர்.

ஆனால் அந்த வீடுகளும் வீடுகள்தான். கூன் செங் ரோட்டில் படம் எடுக்க வருபவர்கள் அரைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், உள்ளே ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருப்பதையும் ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. போக வர வசதி முன்பைவிடப் பரவாயில்லை, 2024இல் மரின் பரேட் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்துவிட்டது. இருந்தாலும் அங்கிருந்து கூன் செங் ரோட்டுக்கு நடப்பது முட்டிவலிக்காரர்களுக்குச் சரிப்படாது, பேருந்துதான் பிடிக்க வேண்டும். இரண்டாம் முறை சிங்கப்பூர் வருகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஜூ சியாட் சொல்வேன். முதல் முறைக்குச் சொல்ல மாட்டேன்.

டக்ஸ்டன் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கட்டடக்கலை படிக்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். டக்ஸ்டன் பினக்கல், 2009இல் கட்டி முடித்த 50 மாடி வீவக வீடுகள். ஏழு புளோக்குகள், 1,848 வீடுகள், எல்லாவற்றையும் 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் பாலங்கள் இணைக்கின்றன. ஒரு சிறிய கட்டணம் கட்டினால் 50ஆம் மாடிப் பாலத்தில் வெளியாட்களும் நடக்கலாம். பக்கத்திலேயே மேக்ஸ்வெல் ரோட்டில் நகர மறுசீரமைப்பு ஆணையக் கட்டடத்தில் சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடம் இருக்கிறது, நுழைவு இலவசம், நகர மையத்தின் பெரிய மாதிரி உருவம் ஒன்று அங்கே உண்டு, பிள்ளைகள் அதன் முன்னால் நின்றால் நகரவே மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விட வேண்டாம், மூடியிருக்கும். தஞ்சோங் பகார் ஒரு காலத்தில் கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் வாழ்ந்த பகுதி, உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் அந்தப் பக்கம்தான் இருந்தது. இப்போது அந்தத் தெருக்களில் அதற்கான அடையாளம் தேடினால்தான் கிடைக்கும். ஒரு அரை நாளுக்கு நல்ல தேர்வு. ஆனால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே பார்க்க வேண்டியது, நடுத்தர வயதுக்காரர்களின் வேலைநேரக் கூட்டமும் மதுக்கடைகளும்தான்.

வாங்குவதற்காக மட்டும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வட்டாரமே தேவையில்லை. ஆர்ச்சர்ட் ரோட்டில் 2019இல் திறந்த டிசைன் ஆர்ச்சர்ட் கட்டடத்தில் உள்ளூர் வடிவமைப்பாளர்களின் பொருள்கள் கிடைக்கும், மழைநாளுக்கு வசதி. கிம் யாம் ரோட்டில் பழைய நான் சியாவ் உயர்நிலைப் பள்ளியை மாற்றி 2024இல் திறந்த நியூ பாருவும் அப்படித்தான், பள்ளிக்கூட வராந்தாவைக் கெடுக்காமல் கடைகள் வைத்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல்.

இப்போது பிராஸ் பாசா. பெராஸ் பாசா என்றால் மலாயில் ஈர அரிசி. அங்கே ஓடையோரம் அரிசியைக் காயவைத்ததால் வந்த பெயர் என்பார்கள். நாங்கள் காலை பத்து மணிக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகத்தின் முன்னால் தொடங்கினோம், ஏனென்றால் நூலகம் பத்துக்குத்தான் திறக்கும். 2005இல் திறந்த 16 மாடிக் கட்டடம், மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்தது. அண்ணன் மகள் வகுப்பில் அவர் பெயரைக் கேட்டிருக்கிறாள், அதனால் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். நான் அவளுக்கு மேலே காட்டவில்லை, கீழே காட்டினேன். கட்டடம் இரண்டு பாகமாகப் பிரிந்து நடுவில் ஒரு தெரு போல இடம் விட்டிருக்கிறார்கள், மேலே பாலங்கள் இரண்டையும் சேர்க்கின்றன. அந்த நடு இடத்துக்கு ஏசி கிடையாது. ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்குக்கூட அங்கே காற்று வரும். சுவரெல்லாம் வெயிலை மறைக்கும் பெரிய பெரிய தகடுகள். அண்ணி அங்கே இருந்த இருக்கையில் உட்கார்ந்து, "இங்கேயே இருக்கலாம் போலிருக்கே" என்றார். பயணி ஒருவருக்கு ஒரு கட்டடத்தின் வடிவமைப்பைப் புரியவைக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. படித்தவளுக்கும் படிக்காதவருக்கும் ஒரே காற்றுதான் பதில் சொன்னது.

உள்ளே போனோம். யாரும் எதுவும் கேட்கவில்லை, கட்டணமில்லை. அடித்தளத்தில் இருக்கும் மத்திய பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்குகள் இருக்கின்றன. அண்ணி ஒரு நாவலை எடுத்து உட்கார்ந்துகொண்டார், நாங்கள் இருவரும் பக்கத்திலிருக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்குப் போய்விட்டோம். இது 1980இல் எழுந்த வீவக கட்டடம், கீழே கடைகள், மேலே வீடுகள், புத்தக நகரம் என்று பெயர் எடுத்தது. முகம் பார்த்தால் பழையதாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். நான்காம் மாடியில் பஷீர் கிராஃபிக் புக்ஸ் இருக்கிறது. கட்டடக்கலை, எழுத்துரு, விளம்பரம், உடை வடிவமைப்பு என்று தரையிலிருந்து கூரை வரை புத்தகங்கள். இந்த ஊரில் வடிவமைப்பு படித்தவர்களில் அந்தக் கடையில் நின்றபடியே அரைப் புத்தகம் படிக்காதவர்கள் குறைவு. அண்ணன் மகள் ஒரு மணி நேரம் அங்கே இருந்தாள். கொண்டுவந்த பணத்தில் பாதி அங்கேயே போய்விட்டது, அது அவளுடைய பணம், நான் தடுக்கவில்லை.

அங்கிருந்து மிடில் ரோட்டில் தேசிய வடிவமைப்பு நிலையம் கூப்பிடு தூரம். முன்பு செயின்ட் ஆண்டனிஸ் கான்வென்ட் பள்ளியாக இருந்த கட்டடங்கள். போருக்கு முந்தைய மூன்று புளோக்குகளையும் போருக்குப் பிந்தைய ஒன்றையும் சேர்த்து, இடிக்காமல் உள்ளுக்குள் மாற்றியமைத்து 2013இல் திறந்தார்கள். பெயருக்காகவே எல்லோரும் இங்கேதான் முதலில் வருகிறார்கள், நான் இதை மூன்றாவதாக வைக்கச் சொல்வேன். கண்காட்சி என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மணி நேரமும் ஆகலாம், பத்து நிமிடத்திலும் முடிந்துவிடலாம். திறந்திருக்கும் நேரத்தைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே பிடித்தது கண்காட்சியைவிட அந்தக் கட்டடமே. பள்ளிப் பிள்ளைகள் நின்ற வராந்தாவையும் நடு முற்றத்தையும் அப்படியே விட்டுவிட்டு, முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். மழை பெய்யும்போது போனால் சத்தம் மட்டும் மேலே கேட்கும்.

வாட்டர்லூ ஸ்திரீட்டை விட்டுவிடாதீர்கள். 1870இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும், குவான் இம் தோங் ஹூட் சோ சீனக் கோயிலும் அங்கே அக்கம்பக்கம். சீனக் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் அப்படியே கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். வாசலில் ஊதுவத்தி செருக ஒரு கலமே வைத்திருக்கிறார்கள். அண்ணி இதைப் பார்த்துக் கண் கலங்கினார். எந்த வடிவமைப்புச் சுற்றுலாவும் இந்தக் கலத்தைக் காட்டுவதில்லை. வருகிறவர்கள் யார் என்று பார்த்து வாசலை மாற்றிக்கொண்டார்கள், என்னைக் கேட்டால் இந்த வட்டாரத்தில் அதைவிட நல்ல வடிவமைப்பு இல்லை.

கொஞ்சம் தள்ளி ரோச்சோர் பக்கம் லாசால் கலைக் கல்லூரி வளாகம். வெளியிலிருந்து கறுப்புப் பெட்டி மாதிரி இறுக்கமாக இருக்கும், உள்ளே போனால் உடைந்த கண்ணாடி மலைகள் மாதிரி சாய்ந்த சுவர்கள், நடுவில் திறந்த இடம், மாணவர்கள் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார்கள். 2007இல் வந்தது. அங்கே அண்ணன் மகளை விட்டுவிட்டு நானும் அண்ணியும் ரோச்சோரிலிருந்து ஒரே நிலையம், லிட்டில் இந்தியாவில் இறங்கி, 1947 முதல் சிராங்கூன் ரோட்டில் இருக்கும் கோமள விலாஸில் சாப்பாடு சாப்பிட்டோம். சைவக்காரர்களோடு வருகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், தியோங் பாருவிலும் ஜூ சியாட்டிலும் இந்த வசதி இவ்வளவு பக்கத்தில் இல்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு அண்ணன் மகளையும் சேர்த்துக்கொண்டு பூகிஸ் நிலையத்திலிருந்து டுவோ கோபுரங்களுக்கு நடுவே நடந்து கம்போங் கிளாமுக்குப் போனோம். இந்த ஐந்து நிமிடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டியவை மூன்று. 2017இல் வந்த டுவோ, ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஓலே ஷீரன் வடிவமைத்தது, தேன்கூடு மாதிரி அறுகோணச் சட்டங்கள். எதிரே பார்க்வியூ ஸ்கொயர், 2002இல் கட்டியது, ஆனால் 1930களின் நியூயார்க் கட்டடம் போல வேண்டுமென்றே செய்தது. அந்தப் பக்கம் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்து 1990இல் வந்த கேட்வே இரட்டைக் கோபுரம், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் அட்டையில் வெட்டிவைத்த மாதிரி தட்டையாகத் தெரியும். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு, அண்ணன் மகளுக்கு இருபது நிமிடம் ஆனது.

கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிவாசல். 1932இல் கட்டி முடித்தது. தங்கக் குவிமாடத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும், அது கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகம். பணம் கொடுக்க வசதியில்லாத ஏழைகளும் கட்டடத்தில் பங்குபெற வேண்டும் என்று அவர்களிடமிருந்து போத்தல்களைப் பெற்றுச் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நாள் என்பதால் பார்வையாளர்கள் வேறு நாள் போவது நல்லது, உடல் மறையும் உடையோடு போங்கள். அராப் ஸ்திரீட் துணிக்கடைகளின் முன்னால் ஐந்தடிப் பாதை ஓடுகிறது. 1822 நகரத் திட்டத்தில் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் காலத்தில் விதித்தது, கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் ஒவ்வொரு கடைவீடும் தன் முன்பக்கத்தைப் பொதுநடைக்கு மூடிய பாதையாக விட வேண்டும். "நம்ம ஊர் திண்ணை மாதிரிதானே அத்தை" என்றாள் அண்ணன் மகள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே, "இல்லை, திண்ணை வந்தவரை உட்காரவைக்கும், இது போகிறவரை நனையாமல் போகவைக்கும்" என்றாள். மழை பிடித்துக்கொண்டது, நாங்கள் மூவரும் குடையில்லாமல் அந்தத் தெரு முழுக்க நடந்தோம்.

குறைகளையும் சொல்கிறேன். பிராஸ் பாசாவுக்கு ஒரே முகம் கிடையாது. தியோங் பாருவில் நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே காலம், ஒரே கை, அந்த நிறைவு இங்கே கிடைக்காது. கோயில், கல்லூரி, பேரங்காடி, 1980களின் வீவக, கண்ணாடிக் கோபுரம் எல்லாம் கலந்து கிடக்கும், நடுவே பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும். கம்போங் கிளாமில் ஹாஜி லேன் என்ற குறுகிய கடைத்தெரு சனி, ஞாயிறு சாயங்காலம் நிற்க இடமில்லாமல் இருக்கும், அங்கே கடைகள் அடிக்கடி மாறுவதால் போன வருடம் பிடித்த கடையைத் தேடிப் போகாதீர்கள். படம் மட்டும்தான் வேண்டும் என்றால் கூன் செங் ரோடுதான் அழகு, அதில் எனக்கு மறுப்பில்லை. தனியாக வருகிறவர், அதிகாலை எழுந்துவிடுவார், பழைய குடியிருப்புகள் என்றால் உயிர் என்றால், தியோங் பாருவுக்கு ஏழரைக்குப் போய் ஒன்பதரைக்குக் கிளம்பி, பத்துக்கு நூலகத்தில் இருக்கலாம். இரண்டும் சேர்ந்துவிடும். வீட்டிலிருக்கும் பெரியவர்களோடு வந்தால் அந்த யோசனை வேண்டாம்.

இன்னொன்று, செப்டம்பரில் வர முடிந்தால் வாருங்கள். சிங்கப்பூர் வடிவமைப்பு வாரம் அண்மை ஆண்டுகளில் அந்த மாதத்தில்தான் நடக்கிறது, பிராஸ் பாசா பூகிஸ் பக்கம் நிறையக் காட்சிகள் வைப்பார்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை அதிகம். அப்போது வந்தால் நூலகத்தையும் வடிவமைப்பு நிலையத்தையும் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். கம்போங் கிளாமைக் காலையில் முடித்துவிட்டு, மழைக்கு நூலகத்துக்குள் வந்துவிடுங்கள். அண்ணி விட்டுப்போன நாவல் 180ஆம் பக்கத்தில் நிற்கிறது. அடுத்த தடவை வரும்போது முதலில் அங்கேதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.